சுட்டி விசைகளின் வரலாறும் தூத்துக்குடித் துறைமுக வேலையும்

கணினித் திரையில் அம்பு வடிவில் தெரியும் சுட்டுக்குறியை, மவுஸ் எனப்படும் சுட்டியைத் தொடாமல், விசைப்பலகையின் எண் விசைகளைக் கொண்டே நகர்த்தவும் சொடுக்கவும் உதவும் வசதிக்குச் சுட்டி விசைகள் என்று பெயர். ஆங்கிலத்தில் இதனை மவுஸ் கீஸ் என்பர். விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இது இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகிறது. தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

கை நடுக்கம் உள்ளவர்கள், பெருமூளை வாதத்தால் கையசைவு கட்டுப்படாதவர்கள், கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டவர்கள், மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவர்கள், கையை இழந்தவர்கள் ஆகியோருக்காக இந்த வசதி உருவாக்கப்பட்டது. வாயில் கவ்விய குச்சியால் விசைகளை அழுத்துவோரும் இதனைப் பயன்படுத்துகின்றனர். ஒரு நேரத்தில் ஒரே ஒரு விசையை அழுத்த முடிந்தால் போதும். சுட்டுக்குறியைத் திரையின் எந்த மூலைக்கும் கொண்டு செல்லலாம்.

சிறிய வசதிதான். ஆனால் வேலையும் தேர்வும் அரசுச் சேவையும் திரைக்கு மாறிவிட்ட இடங்களில், ஒருவர் தன் வேலையைத் தானே செய்வதா, பிறர் கையை எதிர்பார்ப்பதா என்பதை இது முடிவு செய்யக்கூடும். உடலுழைப்பையே நம்பியிருந்து, இரண்டு தலைமுறைக்குள் திரைக்கு மாறிய தூத்துக்குடிக் கடற்கரை இதனைப் புரிந்துகொள்ள ஏற்ற இடமாகும்.

கடலை நம்பிய வேலை

தூத்துக்குடியை ஒட்டிய கடற்கரை முத்துக்குளித்துறை எனப் பெயர் பெற்றது. பாண்டியர் காலத்தில் கொற்கையும், பிற்காலத்தில் தூத்துக்குடியும் முத்துத் தொழிலின் மையங்களாக விளங்கின. மன்னார் வளைகுடாவில் சிப்பிகள் விளையும் கடலடித் திட்டுகளைப் 'பார்' என்பர். முத்துக்குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின் எடையால் விரைவாக அடிக்கு இறங்குவார். மூச்சு தாங்கும் வரை சிப்பிகளை அள்ளிப் பையில் போடுவார். படகில் நிற்கும் துணையாள் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு இழுபட்டதும் மேலே தூக்குவார். நுரையீரலும் காதும் கையும் ஒருசேர ஒத்துழைத்தால்தான் அன்றைய கூலி. அவற்றுள் ஒன்று பழுதானாலும் கடலுக்குள் இறங்க இயலாது.

துறைமுக வேலையும் அப்படித்தான் இருந்தது. தூத்துக்குடியின் கரையோரக் கடல் ஆழமற்றது. ஆகவே புதிய துறைமுகம் அமையும் வரை பெரிய கப்பல்கள் கரைக்குத் தொலைவிலேயே நங்கூரமிட்டன. தோணிகள் சரக்கைக் கரைக்கும் கப்பலுக்கும் இடையே சுமந்தன. தோணியில் ஏற்றுவதும் இறக்குவதும் மனிதர்களின் தலையும் முதுகும் செய்த வேலை. 1906-இல் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய காலத்திலும் இதுவே நிலை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டும் மாறின. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடைபெற்ற ஆண்டு 1961. ஆழ்கடல் வசதியுடன் கட்டப்பட்ட புதிய துறைமுகம் 1974 ஜூலை 11 அன்று நாட்டின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. 2011-இல் அதற்கு வ. உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. மூட்டைகளின் இடத்தைக் கன்டெய்னர்கள் பிடித்தன. இந்தியச் சுங்கத்துறை 1990களின் நடுப்பகுதியிலிருந்து மின்னணு முறைக்கு மாறத் தொடங்கியது. ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில்லும் இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரியும் இன்று இணையவழியே பதிவாகின்றன. சுங்க முகவரின் அலுவலகத்திலும், கப்பல் முகவரின் அலுவலகத்திலும், கன்டெய்னர் முனையத்திலும், உப்பு ஏற்றுமதியாளரின் கணக்கறையிலும் பணியாளர் முன் இருப்பது திரை.

இந்த மாற்றம் ஒரு கதவைத் திறந்தது. மூட்டை தூக்க இயலாதவரும், கடலில் இறங்க இயலாதவரும் துறைமுக வேலையில் சேரலாம் என்ற நிலை உண்டானது. ஆனால் அதே கதவில் ஒரு சிறு தாழ்ப்பாளும் இருந்தது. திரையில் உள்ள பொத்தானைச் சுட்டியால் குறிபார்த்துச் சொடுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. அதற்கு நடுங்காத கையும் வேண்டும். கணினி மனிதரிடம் இப்படியொரு கையை எதிர்பார்க்கத் தொடங்கியது எப்போது என்பதை அறிய, சுட்டியின் தொடக்க காலத்தைப் பார்க்க வேண்டும்.

சுட்டி வென்ற போட்டி

முதல் சுட்டி 1964-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலுள்ள ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் உருவானது. டக்ளஸ் எங்கல்பர்ட் வடிவமைத்த கருத்தைப் பில் இங்கிலிஷ் மரப்பெட்டியில் சக்கரங்கள் பொருத்திக் கருவியாக்கினார். அந்தக் குழு சுட்டியை மட்டும் நம்பியிருக்கவில்லை. ஒளிப்பேனா, ஜாய்ஸ்டிக், மேசைக்கு அடியில் பொருத்தி முழங்காலால் இயக்கும் கருவி எனப் பலவற்றையும் ஒப்பிட்டுச் சோதித்தது. 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் எங்கல்பர்ட் நடத்திய புகழ்பெற்ற செயல்விளக்கத்தில் அவரது வலக்கையில் சுட்டியும், இடக்கையில் ஐந்து விசைகள் கொண்ட சிறு பலகையும் இருந்தன.

1978-இல் ஸ்டூவர்ட் கார்டு, பில் இங்கிலிஷ், பெட்டி பர் ஆகிய மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். திரையிலுள்ள எழுத்தைத் தேர்ந்தெடுக்கச் சுட்டி, ஜாய்ஸ்டிக், அம்புக்குறி விசைகள், சொல் சொல்லாகத் தாவும் விசைகள் ஆகியவற்றில் எது விரைவானது என்பதே அவர்களது கேள்வி. சுட்டி வென்றது. இலக்கு தொலைவில் இருந்தாலும் கை ஒரே வீச்சில் சென்றுவிடும்; விசையோ ஒவ்வோர் அடியாக நடந்து போக வேண்டும். இந்த முடிவு சரியானதே. ஆனால் அது, விரும்பியபடி கையை வீசவும் நிறுத்தவும் முடிந்தவர்களுக்கான முடிவு. கையை வீசினால் நிறுத்த முடியாதவருக்கு, ஒவ்வோர் அடியாகச் செல்லும் விசையே நம்பகமான வழி.

1984-இல் வெளிவந்த ஆப்பிள் மெக்கின்டாஷ் கணினி சுட்டியைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. அதன் முதல் விசைப்பலகையில் அம்புக்குறி விசைகளே கிடையாது. பயனரும் மென்பொருள் எழுதுவோரும் சுட்டிக்குப் பழக வேண்டும் என்பதற்காக அவை வேண்டுமென்றே நீக்கப்பட்டன. 1985 நவம்பரில் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் முதல் பதிப்பு வந்தது. அதுவரை கட்டளைகளைத் தட்டச்சு செய்தே கணினியை இயக்கி வந்த கைகுறைபாடு உள்ளவர்களுக்கு, படங்களும் பொத்தான்களும் நிறைந்த இந்தப் புதிய திரை ஒரு பின்னடைவாக அமைந்தது. எல்லோருக்கும் எளிமை என்று வந்த மாற்றம், சிலரை வெளியே நிறுத்தியது.

விஸ்கான்சினில் பிறந்த தீர்வு

இதற்கான தீர்வு வணிக நிறுவனம் ஒன்றில் தொடங்கவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், மேடிசன் நகரில், 1971 முதல் இயங்கி வந்த ட்ரேஸ் மையத்தில் அது வளர்ந்தது. பெருமூளை வாதத்தால் பேச முடியாதவர்களுக்குத் தொடர்புக் கருவி செய்யும் மாணவர் முயற்சியாக அந்த மையம் முளைத்தது. அதனை நெடுங்காலம் வழிநடத்தியவர் கிரெக் வாண்டர்ஹைடன்.

தனிக்கணினிகள் பரவத் தொடங்கியபோது இம்மையத்தின் முன் இருந்த கேள்வி இதுதான்: ஒவ்வொரு மாற்றுத்திறனாளிக்கும் தனித்தனிக் கருவி செய்துகொண்டே போவதா, அல்லது எல்லாக் கணினியிலும் அந்த வசதி இருக்கும்படி செய்வதா? தனிக்கருவி வைத்திருப்பவர் அதனைச் சுமந்து செல்லும் இடத்தில் மட்டுமே கணினியைத் தொட முடியும். பள்ளியில், நூலகத்தில், அலுவலகத்தில் உள்ள கணினிகள் அவருக்கு மூடியே இருக்கும். எனவே வசதி இயங்குதளத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதில் மையம் உறுதியாக நின்றது.

இவ்வாறு ஒரு தொகுப்பு உருவானது. ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்றவற்றை ஒவ்வொன்றாக அழுத்தினாலும் சேர்த்து அழுத்தியதாகக் கொள்ளும் ஒட்டு விசைகள், தவறுதலாகப் பட்ட விசையைப் புறக்கணிக்கும் மெது விசைகள், நடுக்கத்தால் இருமுறை விழுந்த எழுத்தை ஒன்றாகக் கொள்ளும் துள்ளல் விசைகள், இவற்றோடு சுட்டி விசைகள். ஒரே விரலால் கணினியை முழுமையாக இயக்க வேண்டுமானால் இவை சேர்ந்தே தேவைப்படும்.

அமெரிக்கச் சட்டமும் துணை நின்றது. அந்நாட்டின் மறுவாழ்வுச் சட்டத்தில் 1986-இல் 508-ஆம் பிரிவு சேர்க்கப்பட்டது. அரசு வாங்கும் மின்னணுக் கருவிகளை மாற்றுத்திறனாளிப் பணியாளர்களும் பயன்படுத்த இயல வேண்டும் என்பது அதன் நோக்கம். அரசே பெரிய வாடிக்கையாளர் என்பதால் நிறுவனங்கள் செவிசாய்த்தன. 1980களின் பிற்பகுதியில் ஆப்பிள் ஒட்டு விசைகளையும் சுட்டி விசைகளையும் மெக்கின்டாஷில் சேர்த்தது. ட்ரேஸ் மையம் ஐபிஎம் கணினிகளின் டாஸ் இயங்குதளத்துக்கும், விண்டோஸின் தொடக்கப் பதிப்புகளுக்கும் கூடுதல் தொகுப்புகளை உருவாக்கியது. 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95-இல் இவ்வசதிகள் இயங்குதளத்தின் பகுதியாகவே இடம்பெற்றன. யுனிக்ஸ், லினக்ஸ் கணினிகளின் வரைகலைத் திரைக்கு அடிப்படையான எக்ஸ் விண்டோ முறையிலும் 1990களின் நடுப்பகுதியில் இவை சேர்ந்தன. பத்தாண்டுக்குள் ஒரு பல்கலைக்கழக ஆய்வு உலகின் பெரும்பாலான கணினிகளுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

இயங்கும் முறை

விண்டோஸில் இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், நம் லாக் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சுட்டி விசைகளை இயக்கலாமா என்று கணினி கேட்கும். ஒப்புக்கொண்டதும் வலப்பக்க எண்தளம் திசைகாட்டியாகிவிடும். 8 மேலே, 2 கீழே, 4 இடம், 6 வலம். 7, 9, 1, 3 ஆகியவை மூலைவாட்டில் நகர்த்தும். நடுவிலுள்ள 5 ஒரு சொடுக்கு; + இரட்டைச் சொடுக்கு. வலச் சொடுக்கு வேண்டுமானால் முதலில் - விசையை அழுத்திப் பின் 5-ஐ அழுத்த வேண்டும். மீண்டும் இடச் சொடுக்குக்குத் திரும்ப / விசை.

கோப்பு ஒன்றை இழுத்து வேறிடத்தில் விட, சுட்டியின் பொத்தானை அழுத்தியபடியே கையை நகர்த்த வேண்டும். நடுங்கும் கைக்கு இதுவே மிகக் கடினமான செயல். சுட்டி விசைகளில் 0-ஐ ஒருமுறை தட்டினால் பொத்தான் அழுத்திய நிலையில் நிற்கும். இலக்கை அடைந்ததும் புள்ளி விசையைத் தட்டினால் விடுபடும். இடையில் ஓய்வெடுத்துக்கொள்ளலாம். வேகம் கூட்டக் கன்ட்ரோல், குறைக்க ஷிஃப்ட். ஒட்டுமொத்த வேகத்தை அமைப்புப் பக்கத்தில் மாற்றலாம்.

மேக் கணினியில் எண்தளம் இல்லாத நிலையில் 7, 8, 9 விசைகளும் அவற்றின் கீழுள்ள எழுத்து விசைகளும் இதே வேலையைச் செய்கின்றன. அப்போது அவ்வெழுத்துகளைத் தட்டச்சு செய்ய இயலாது. ஆப்ஷன் விசையை ஐந்து முறை தட்டி வசதியை ஏற்றவும் இறக்கவும் வழியுண்டு. லினக்ஸின் நோம், கேடிஇ மேசைத்தளங்களில் அணுகல் அமைப்புகளுக்குள் இது இருக்கிறது.

குறைகளும் உண்டு. 1978 ஆய்வு காட்டியபடி விசைவழிப் பயணம் மெதுவானது. திரை அகல அகல, கடக்க வேண்டிய தொலைவும் கூடுகிறது. விண்டோஸில் இந்த வசதிக்கு எண்தளம் தேவை. பல மடிக்கணினிகளில் அது இல்லை. யூஎஸ்பி வழி இணைக்கும் தனி எண்பலகை ஒன்று இருந்தால் அக்குறை தீரும். அதனை மடியிலோ, சக்கர நாற்காலியின் கைப்பிடியிலோ வைத்துக்கொள்ளலாம் என்பது கூடுதல் நன்மை. தமிழ் விசைப்பலகை எந்த அமைப்பில் இருந்தாலும் எண்தளம் மாறுவதில்லை என்பதால், தமிழில் தட்டச்சு செய்வோருக்கு விண்டோஸில் தனியான இடையூறு எதுவும் இல்லை.

தமிழ்நாட்டின் கைகளும் விசைகளும்

தமிழ்நாட்டில் சுட்டிக்கு முன்பே விசைப்பலகை வந்துவிட்டது. தமிழ்த் தட்டச்சுக்கு விசை அமைப்பு வகுத்த முன்னோடிகளில் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா குறிப்பிடத்தக்கவர். அரசு வேலைக்கு முயல்வோர் தட்டச்சு நிலையத்தில் லோயரும் ஹையரும் முடிப்பது ஊர்தோறும் வழக்கமாயிற்று. 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ் 99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. விரல்களை விசைமேல் வைத்து வேலை பார்க்கும் பழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. ஆனால் சுட்டுக்குறியையும் அதே விசைகளால் நகர்த்தலாம் என்பது பரவலாகச் சொல்லித்தரப்படவில்லை.

கருவியைக் கைக்கேற்ப மாற்றும் மரபும் இங்கு உண்டு. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை மருத்துவத்தால் மீண்டும் இயங்கச் செய்தார். அவரிடம் பயின்ற மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கை அறுவைகளைச் செய்தார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட அவரே காரணமாக இருந்தார். தூத்துக்குடிக்கு மேற்கே, இன்றைய தென்காசி மாவட்டத்தின் ஆயக்குடியில், கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். உலக மாற்றுத்திறனாளிகள் ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த ஆண்டு அது. சென்னையில் 1985-இல் பூனம் நடராஜன் தொடங்கிய வித்யாசாகர், பெருமூளை வாதமுள்ள குழந்தைகளின் கல்விக்கு வழிகாட்டியது. பேச இயலாத குழந்தைகள் கருவிவழிப் பேச உதவும் ஆவாஸ், சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கியது.

கடற்கரைக்கும் இதில் தனிப்பட்ட தொடர்பு உண்டு. முத்துக்குளிப்பு நின்றாலும் மன்னார் வளைகுடாவில் சங்கு குளிக்கும் தொழில் தொடர்கிறது. மூச்சடக்கி இறங்கிய பழைய முறைக்குப் பதிலாக, படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய்வழிக் காற்று பெற்று நெடுநேரம் ஆழத்தில் இருப்பவர்களும் உண்டு. அவ்வாறு இருந்துவிட்டு விரைந்து மேலேறினால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகித் தண்டுவடத்தைத் தாக்கக்கூடும். பெரும்பாலும் கால்கள் செயலிழக்கும். சிலருக்குக் கைகளும் வலுவிழக்கும். கடலுக்கு மீண்டும் செல்ல இயலாத ஒருவருக்குக் கரையில் கிடைக்கக்கூடிய மாற்று வேலைகளில் திரைவேலையும் ஒன்று. அவருக்குச் சுட்டி பிடிக்க வராவிட்டாலும் அந்த வேலை மூடிவிடக் கூடாது.

சட்டமும் தேர்வு அறையும்

இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் விரிவான சட்டம் 1995-இல் இயற்றப்பட்டது. அரசுப் பணியில் 3 விழுக்காடு இடஒதுக்கீட்டை அது அளித்தது. 2007-இல் இந்தியா ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. அதற்கேற்ப வந்த 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறைபாடுகளின் பட்டியலை 21-ஆகவும் இடஒதுக்கீட்டை 4 விழுக்காடாகவும் உயர்த்தியது. இதில் 1 விழுக்காடு, பெருமூளை வாதம், தசைச்சிதைவு, குணமான தொழுநோய் உள்ளிட்ட இயக்கக் குறைபாடு உடையோருக்கானது. சுட்டி விசைகள் தேவைப்படுவோரில் பெரும்பகுதியினர் இந்தப் பிரிவில் வருகின்றனர். பெருந்துறைமுகங்கள் ஒன்றிய அரசின் கீழ் உள்ள அமைப்புகள் என்பதால் தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் இந்தக் கடமை உண்டு.

அதே சட்டத்தின் 20-ஆவது பிரிவு, பணியிடத்தில் நியாயமான இசைவுகளைச் செய்து தர வேண்டும் என்கிறது. 42-ஆவது பிரிவு, மின்னணுத் தகவலும் கருவிகளும் அனைவருக்கும் எட்ட வேண்டும் என்கிறது. சாய்தளம் கட்டப் பணமும் காலமும் வேண்டும். சுட்டி விசைகளுக்கு அவையும் வேண்டா. அமைப்புப் பக்கத்தில் ஒரு தேர்வை மாற்றினால் போதும். ஆனால் பொதுக்கணினிகளின் அமைப்புப் பக்கம் நிருவாகியின் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருந்தால் அந்தச் சிறு மாற்றமும் பயனர் கையில் இல்லை.

இது மிகக் கூர்மையாகத் தெரியும் இடம் கணினிவழித் தேர்வு. மாற்றுத்திறனாளித் தேர்வர்களுக்காக ஒன்றிய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் இதற்கு இடம் தரப்பட்டது. தேர்வுக்கு முதல் நாளே கணினியைச் சோதித்துப் பார்க்கத் தேர்வரை அனுமதிக்க வேண்டும். சொந்தக் கணினி கூடாது, ஆனால் விசைப்பலகை, தனக்கேற்ற சுட்டி போன்ற துணைக்கருவிகளை அனுமதிக்கலாம். மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் தர வேண்டும் என்பவை அவற்றுள் சில. முறைகேட்டைத் தடுக்கத் தேர்வு மென்பொருள் ஆல்ட் போன்ற விசைகளை முடக்கிவிட்டால், சுட்டி விசைகளை இயக்கும் குறுக்குவழியும் உடன் முடங்கும். முதல் நாள் சோதனையில் அது தெரிந்தால், தேர்வு மென்பொருள் திறக்கும் முன்பே வசதியை இயக்கி வைக்கலாம். தெரியாமல் போனால் தேர்வருக்கு மிஞ்சுவது, தன் விடையைப் பிறரிடம் சொல்லிச் சொடுக்கச் செய்வதே. விடை அறிந்தவர் ஒருவர், அதைக் குறிப்பவர் இன்னொருவர் என்ற நிலை அது.

அண்மைய ஆண்டுகளில் உச்ச நீதிமன்றமும் இதில் தெளிவாகப் பேசியிருக்கிறது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரல் 30 அன்று வழங்கிய மற்றொரு தீர்ப்பில், எண்ணிமச் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது.

சுட்டியே தேவைப்படாத மென்பொருள்

சுட்டி விசைகளுக்கு இணையாக இன்னொரு வழியும் வளர்ந்தது. சுட்டுக்குறியை விசையால் நகர்த்துவதை விட, சுட்டுக்குறியே வேண்டாதபடி மென்பொருளை எழுதுவது அவ்வழி. 1987-இல் ஐபிஎம் வெளியிட்ட பொதுப் பயனர் இடைமுக நெறிகள், பட்டியல்களையும் பொத்தான்களையும் விசைகளால் அடையும் முறைகளை வகுத்தன. டேப் விசையால் அடுத்த கட்டத்துக்குச் செல்வது, ஆல்ட் விசையோடு அடிக்கோடிட்ட எழுத்தை அழுத்திப் பட்டியலைத் திறப்பது போன்ற பழக்கங்கள் அவ்வாறு விண்டோஸில் நிலைபெற்றன. பார்வையற்றோர் திரைவாசிப்பானுடன் கணினியை இயக்குவது இந்த வழியில்தான். சுட்டுக்குறி எங்கே நிற்கிறது என்று காண இயலாதவருக்குச் சுட்டி விசைகளால் பயனில்லை.

இணையம் வந்தபின் இந்த ஒழுங்கு தளர்ந்தது. சுட்டியால் சொடுக்கினால் மட்டும் திறக்கும் பட்டியல்கள், இழுத்து விட்டால் மட்டும் பதிவேறும் கோப்புப் பெட்டிகள், படத்தைத் தொட்டு மனிதர்தான் என்று காட்டச் சொல்லும் சோதனைகள் ஆகியவை பெருகின. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999-இல் முதல் வலை அணுகல் வழிகாட்டியையும், 2008-இல் அதன் இரண்டாம் பதிப்பையும் வெளியிட்டது. எல்லாச் செயல்களையும் விசைப்பலகையால் செய்ய இயல வேண்டும் என்பது அதன் அடிப்படை விதிகளுள் ஒன்று. 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பு, இழுத்து விடும் செயலுக்கு எளிய மாற்றுவழி இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தது. இந்திய அரசு இணையத்தளங்களுக்கான வழிகாட்டிகள் 2009 முதல் இந்த நெறிகளைத் தழுவியே வருகின்றன.

நன்றாக எழுதப்பட்ட சுங்கப் படிவத்தில் பணியாளர் டேப் விசையால் ஒவ்வொரு கட்டமாக இறங்கி, என்டர் விசையால் அனுப்பி முடித்துவிடலாம். அங்கே சுட்டி விசைகளுக்கே வேலையில்லை. மோசமாக எழுதப்பட்ட படிவத்தில் சுட்டி விசைகளே கடைசித் துணை. திரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு அடியடியாக நகர்ந்தாலும், வேலை அவர் கையாலேயே முடியும்.

இன்றைய நிலை

கண்ணசைவால் சுட்டுக்குறியை நகர்த்தும் கருவிகளும், குரலால் கட்டளையிடும் வசதிகளும், தலையசைவைக் கேமராவால் படிக்கும் மென்பொருள்களும் இப்போது கிடைக்கின்றன. கைகளை அறவே அசைக்க இயலாதவர்களுக்கு அவை பெருந்துணை. ஆயினும் கண்வழிக் கருவிக்குத் தனிச் செலவு உண்டு. இரைச்சல் மிகுந்த அலுவலகத்தில் குரல்வழி தடுமாறும். தெளிவாகப் பேச இயலாதவருக்கு அது உதவாது. சுட்டி விசைகள் கேட்பது ஒரு சாதாரண விசைப்பலகையை மட்டும். மின்சாரம் உள்ள எந்தக் கணினியிலும், இணையம் இல்லாத இடத்திலும் அவை இயங்கும். முப்பதாண்டுகள் கடந்தும் இயங்குதளங்கள் அவற்றை நீக்காமல் வைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

ஒரு நிறுவனம் தன் அலுவலகம் இதற்கு ஆயத்தமா என அறிய எளிய சோதனை ஒன்று போதும். கணினியிலிருந்து சுட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, அன்றாடம் நிரப்பும் படிவம் ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை விசைப்பலகையால் மட்டுமே நிரப்பிப் பார்க்க வேண்டும். டேப் விசை சிக்கி நிற்கும் இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின் சுட்டி விசைகளை இயக்கி அந்த இடங்களைக் கடக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முன்னதில் சிக்கியவை மென்பொருள் எழுதியவர் திருத்த வேண்டியவை. பின்னதிலும் கடக்க முடியாதவை, ஒரு மாற்றுத்திறனாளியை அந்த மேசையில் அமர விடாமல் தடுப்பவை. துறைமுக அலுவலகத்திலும், தேர்வு மையத்திலும், இ-சேவை மையத்திலும், பள்ளிக் கணினிக் கூடத்திலும் இந்தச் சோதனைக்குத் தேவைப்படுவது அரை மணி நேரமே.